திரும்பி வருவதற்கான காரணங்கள்

முதலில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன்.

இடம், ரிச்சர்ட்ஸ் டவுனில் தியோடர் சாரின் வீட்டுக் கூடம். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தியோடர் சார். தாலுகா ஆபீசில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மதியம் மட்டும் அயர்லாந்து விசா அதிகாரி. மேசையின் மறுகோடியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருடைய தங்கை ஜோசஃபின் டீச்சர். அவர்தான் விண்ணப்பதாரர். வலப்பக்கம் சாரின் மகள் சிந்தியா, லேப்டாப்புடன். திவானில் சாரின் மனைவி கேத்தரின் அம்மா. மடியில் ஒரு தட்டு, கையில் முள்கரண்டி. கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்காக மாவு உருண்டைகளை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நான், மதியழகன். அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவன். அடுகோடியில் ஒரு வால்வு கம்பெனியில் கடிதப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று என்னைக் கீழே கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வெளிநாடு போவதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாடும் ஆனபிறகு, இந்த மேசையில் உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். கேத்தரின் அம்மாவின் தம்பி அமெரிக்க விசாவுக்காகச் சென்னைக்குப் போய், இரண்டே கேள்வியில் திரும்பி வந்த வருஷம் இது ஆரம்பித்ததாம். மகன் ஃபிராங்க்ளின் துபாய்க்குப் போனபோதும் ஒத்திகை நடந்தது. துபாயில் அவனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அயர்லாந்துக்கும் நேர்காணல் கிடையாது, எல்லாம் காகிதத்தில்தான் என்று சிந்தியா சொல்லிப் பார்த்தாள்.

"நேர்ல பாக்க மாட்டான்னா இன்னும் நல்லா ரிகர்சல் பாக்கணும்," என்றார் சார். "மூஞ்சியப் பாத்தாலாவது பாவம்னு விடுவான். காகிதத்துக்கு ஏது மூஞ்சி?"

விஷயம் இதுதான். ஜோசஃபின் டீச்சரின் ஒரே மகள் குளோரியா, லிமெரிக் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது, ஏப்ரலில் பிரசவம். அவள் கணவன் அமலுக்கு இரவு வேலை. டீச்சர் மார்ச் கடைசியில் போய், மகள் எழுந்து நடமாடும்வரை கூட இருந்துவிட்டு, ஜூனில் திரும்புவதாகச் சொல்லி விசா கேட்டிருந்தார். டிசம்பர் முதல் வாரம் மறுப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்புதான். கையெழுத்துப் போட்ட கடிதமாகத் தபாலில் போகவேண்டும். அதற்கு முடிவு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகலாமாம். அதுவும் மறுக்கப்பட்டால், மறுபடி புதிதாக விண்ணப்பித்துக் காத்திருப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும். ஆகவே, நான் எழுதப்போகும் கடிதத்தை விட்டால் டீச்சருக்கு வேறு வழி இல்லை.

மறுப்புக் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். மரியாதையான கடிதம். சொந்த நாட்டுக்குத் திரும்பி வரவேண்டிய கடமைகள் போதுமான அளவு காட்டப்படவில்லை என்பது அதன் சாரம். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிடக்கூடும் என்று அடுத்த வரி.

படித்ததும் எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. எங்கள் கம்பெனி வால்வுகள் ராட்டர்டாமுக்குப் போகின்றன. எடை என்ன, எந்த உலோகம், எங்கே செய்தது என்று கேட்பார்கள். எழுதிக் கொடுத்தால் போய்ச் சேரும். கண்காட்சிக்கு அனுப்பும் வால்வு மட்டும் திரும்பி வரவேண்டிய சரக்கு. அது திரும்பும் என்பதற்கு வர்த்தக சபை ஜாமீன் நிற்கும். ஜோசஃபின் டீச்சருக்கு அப்படி யார் ஜாமீன் நிற்பது? ஒருவர் ஜூன் மாதத்தில் என்ன நினைப்பார் என்பதை டிசம்பரிலேயே இன்னொருவர் தெரிந்துகொள்ள என்னதான் வழி? கடிதம் எழுதுகிறவனாகிய எனக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மொதல்ல என்ன எழுதி அனுப்பினீங்க? காப்பி இருக்காப்பா?" என்று கேட்டாள் சிந்தியா.

"காப்பி வைக்காத அர்ஜி ஒரு அர்ஜியா?" என்று சொல்லி எழுந்துபோய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார் சார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நின்றபடியே படித்தார். ஆங்கிலத்தில் எழுதியதுதான், ஆனால் அதற்குள் தாலுகா ஆபீஸ் தமிழும் கன்னடமும் கைகோத்து நின்றன. கணவரை இழந்தவரும், சொந்த வருமானமோ ஆதரவோ இல்லாதவரும், அண்ணன் தயவில் ஒண்டிக் குடியிருப்பவரும், இவ்வுலகில் ஒரே மகளைத் தவிர வேறு நாதியற்றவருமாகிய மேற்படி ஜோசஃபின், தங்கள் கருணையை எதிர்நோக்கி, என்று போனது.

சிந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, இத நீங்களேவா எழுதினீங்க?"

"பின்ன யாரு? இந்த மாதிரி ஒரு அர்ஜி வந்தா எங்க தாசில்தாரு மறுநாளே விதவை பென்ஷன் சாங்ஷன் பண்ணுவாரு. படிச்சா கல்லும் கரையும்."

"கரைஞ்சுதான்பா இருக்கும். ஆனா அவங்க வேற எதையோ தேடிப் படிக்கிறாங்க. இங்க இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, இருக்கறதெல்லாம் அங்கதான்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். அத்தை திரும்பி வரமாட்டாங்கன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க."

கேத்தரின் அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தயவுல ஒண்டிக் குடியிருக்கியாமே ஜோசி. கேட்டுக்கோ," என்றார்.

"அது அர்ஜி பாஷை கேத்தி. நெசம்னு யாரு சொன்னா?" என்றார் சார். அவர் உட்கார்ந்த விதத்தில் அதிகாரிக் களை கொஞ்சம் குறைந்திருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படித்தது கோலார் தங்கவயலில் ஒரு சிறிய பள்ளி. அங்கே கட்டணச் சலுகைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'ஏழை மாணவனாகிய நான்' என்றுதான் ஆரம்பிக்கச் சொல்லித் தருவார்கள். ஏழை இல்லாதவனும் அப்படியே எழுதுவான். நம் ஆபீஸ்களுக்கு நாம் எழுதுவது எல்லாமே இல்லாமையின் பட்டியல்தான். இருப்பதைப் பட்டியல் போட்டு யாரிடமும் எதையும் கேட்டு நமக்குப் பழக்கம் இல்லை.

சிந்தியாவின் வேலையைப் பற்றி நான் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருந்தேன். அவள் போவது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு. வேறொரு நாட்டின் விசா விண்ணப்பங்கள் கணினியில் வந்து சேர்ந்ததும் அவற்றைப் பிரித்து அடுக்கும் ஏற்பாட்டை அங்கே செய்கிறார்கள்.

"நீங்க முடிவு பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மதி அண்ணா. முடிவெல்லாம் அந்த நாட்டு ஆபீசருதான். எது சீக்கிரம் பாக்கறது, எது நிறுத்தி நிதானமாப் பாக்கறதுன்னு ரெண்டு கட்டாப் பிரிச்சுக் குடுப்போம். அவ்வளவுதான்."

"நிதானமாப் பாத்தா நல்லதுதானே?"

"நிதானமாப் பாக்கறதுன்னா சந்தேகத்தோட பாக்கறதுன்னு அர்த்தம்."

"டீச்சர் மாதிரி ஒருத்தர் வந்தா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். "ரெண்டாவது கட்டு. வயசு, தனி ஆளு, வேலை இல்ல, ஒரே புள்ள அங்க. நாலும் சேந்தா நேரா அங்கதான் போகும்."

"எந்த மகராசன் அப்படி முடிவு பண்ணான்?" என்றார் கேத்தரின் அம்மா.

"ஒரு மீட்டிங்லமா. பழைய கணக்கு வெச்சிருக்காங்க. போனவங்கள்ல யாரு யாரு திரும்பலன்னு. இந்த மாதிரி ஆளுங்க கொஞ்சம் ஜாஸ்தி."

"அந்த மீட்டிங்ல புருஷன் இல்லாத பொம்பளை யாராச்சும் இருந்தாளா?"

"பொம்பளைன்னு நான் ஒருத்திதான் இருந்தேன்," என்றாள் சிந்தியா. "எனக்கும் அது தப்பாத் தெரியல. கணக்கு பொய் சொல்லலமா. கொஞ்ச பேரு திரும்பறதில்ல, நெசம்தான். அவங்க யாருன்னு முன்கூட்டியே தெரியாதில்ல, அதனால மீதி பேரையும் சேத்து நிறுத்தறோம்."

"நம்ம வீட்டுப் பொண்ணே கதவாண்ட நிக்குறா," என்று டீச்சர் சொன்னார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. "நல்லதுதான். உள்ள என்ன கேப்பாங்கன்னு சொல்லு."

ஒத்திகை அதற்குப் பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தது. சார் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்க பேரு?"

"என் பேரு ஒனக்குத் தெரியாதாண்ணே?"

"ஜோசி, நான் ஆபீசரு."

"சரி. ஜோசஃபின்."

"உத்தியோகம்?"

"டீச்சரா இருந்தேன். தனியார் ஸ்கூல், பென்ஷன் கிடையாது. இப்ப சும்மாதான் இருக்கேன்."

"சும்மான்னு சொல்லாதீங்க அத்தை," என்றாள் சிந்தியா. "ஓய்வு பெற்ற ஆசிரியைன்னு சொல்லுங்க."

"சொத்து ஏதாவது உண்டா?"

"இல்ல."

அந்தப் பதிலை எழுதிக்கொண்டேன். எழுதியதும் பேனாவை நிறுத்தினேன். கம்பெனியில் ஒரு தகவலை எழுதும்போது அதற்கு ஆதாரக் காகிதம் எது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவது வழக்கம். 'இல்லை' என்பதற்கும் கேட்பேன்.

"சார், இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

"எங்கப்பா பேர்லதான். கார்ப்பரேஷன் காதாப் பதிவு இன்னும் மாத்தல. வரி நான்தான் கட்றேன்."

"அப்பா உயில் எழுதி வெச்சாரா?"

"எங்க எழுதினாரு? திடீர்னு போயிட்டாரு."

"நீங்க ரெண்டு பேருதான் பிள்ளைங்களா?"

"ஆமா," என்று சொன்ன பிறகுதான் சாருக்கு நான் எதற்கு வருகிறேன் என்பது தெரிந்தது. கேத்தரின் அம்மாவின் முள்கரண்டி நின்றது. டீச்சர் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். கணவர் போனபிறகு எட்டு வருஷமாக அவர் அந்த வீட்டின் பின்பக்க இரண்டு அறைகளில் இருக்கிறார். யார் கேட்டாலும் 'அண்ணன் வீட்ல இருக்கேன்' என்பார்.

"அப்போ பாதி அவளோடதுதானே," என்றார் கேத்தரின் அம்மா. "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நான் எப்பவாச்சும் இல்லன்னு சொன்னேனா?" என்றார் சார்.

"இருக்குன்னும் சொன்னதில்ல."

சார் கொஞ்ச நேரம் மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரிப்பா, பாதி வீடு இருக்குன்னு எழுதிக்கோ. லெட்டருக்கு எழுதிக்கலாம்," என்றார்.

"லெட்டருக்கு மட்டும்னா வேணாம்ணே," என்றார் டீச்சர். "இல்லாததை இருக்குன்னு எழுதி நான் போகமாட்டேன். எழுதாமயே விட்டுடுங்க மதி."

"லெட்டருக்கு மட்டும்னு யாரு சொன்னா?"

"இப்ப நீதானே சொன்னே."

நான் அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, "அடுத்த கேள்வி சார்," என்றேன். வேறு எப்படி அந்த இடத்தைத் தாண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஜூன்ல திரும்பி வந்து என்ன பண்ணுவீங்க?" என்று சார் கேட்டார். அவர் குரலில் இன்னும் பழைய கேள்வியின் சூடு இருந்தது.

"ஸ்கூட்டர் டெஸ்ட் குடுக்கணும்."

"என்னது?"

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். போன வாரம் தேதியிட்ட எல்.எல்.ஆர்., வண்டி ஓட்டப் பழகுவதற்கான உரிமம். ஆறு மாதம் செல்லும். ஜூன் மாதம் பாதிக்கு மேல் போனபிறகு முடிகிறது.

"எப்பத்துலேந்து இது?"

"மூணு மாசமா சைக்கிள் ஓட்டிப் பாத்தேன். இப்ப ஸ்கூட்டர். யூனிஸோட மருமக வண்டி. காலையில ஸ்கூல் கிரவுண்டுல ஆள் இருக்காது." யூனிஸ், டீச்சரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த சிநேகிதி.

"யூனிஸோட வாக்கிங் போறேன்னு சொன்னியே."

"கிரவுண்டு வரைக்கும் நடந்துதாண்ணே போவோம்."

கேத்தரின் அம்மா தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார். சார் எல்.எல்.ஆரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். "அறுபத்தோரு வயசுல எதுக்கு இது?" என்றார்.

"மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோக்காரன்கிட்ட எத்தனை நாளு கெஞ்சறது? நாலு தலைமுறையா இங்க இருக்கோம். இன்னும் 'எந்த ஊரும்மா நீங்க'ன்னு கேட்டுட்டுத்தான் மீட்டரைப் போடறான். யூனிஸுக்கு முட்டி வலி. நான் ஓட்டினா அவ பின்னாடி உக்காந்துப்பா."

"அத்தை, எங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு கட்டமே கெடையாது," என்றாள் சிந்தியா.

"மேல்முறையீட்டைப் படிக்கிறது மெஷினா, ஆளா?" என்று கேட்டேன்.

"ஆளுதான். மொதல்ல பாத்தவரு இல்ல, வேற ஒரு ஆபீசரு."

"அப்ப இது உள்ள போகுது," என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

சார் கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். அதை அவர் முன்கூட்டியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். உங்கள் மகள், அம்மா போகாதே, இங்கேயே இரு என்று அழுதால் என்ன செய்வீர்கள்?

டீச்சர் திவானைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"இருக்கணும்னு தோணும்," என்றார்.

"அய்யோ, அப்படிச் சொல்லக்கூடாது ஜோசி. திரும்பி வந்துடுவேன்னு சொல்லு."

"தோணும்னுதானே சொன்னேன். இருப்பேன்னு சொன்னேனா? அவ அழுதா எனக்குத் தோணாதுன்னு எழுதினா அது பொய்யி. அதப் படிக்கிற ஆளுக்கும் ஒரு அம்மா இருப்பா, கண்டுபுடிச்சுடுவான்."

"சரி, அப்ப எப்படித் திரும்பி வருவே?"

"நல்லாக் கேளுண்ணே. நான் சொல்லாமக் கொள்ளாம அங்க உக்காந்துட்டேன்னு வை. அப்புறம் என்ன? பெல் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போயி ஒளியணும். ஜுரம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். குளோரியா பேரும் கெடும். என்னிக்காவது வெளிய வந்தா மறுபடி உள்ள விடமாட்டான். எனக்கு இந்தப் புள்ளைக்குப் போகணும். அதுக்குப் பல்லு மொளைக்கறப்போ போகணும். இன்னொண்ணு பொறந்தா அதுக்கும் போகணும். நடுவுல இங்க வந்து என் ரூம்ல படுக்கணும், யூனிஸோட சண்டை போடணும். கதவு தெறக்கும், மூடும், மறுபடி தெறக்கும்னு தெரிஞ்சா நான் ஏன் வராம இருக்கப் போறேன்? ஒரே ஒரு தடவைதான் தெறக்கும்னா எந்த அம்மாவும் உள்ளயேதான் உக்காந்துப்பா."

இதை நான் சொல் மாறாமல் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே எங்கள் ஊர் ஞாபகம் குறுக்கே வந்தது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள், முதலில் நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்ப் போய்த் திரும்பியவர்கள்தான் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடையில் இருந்த சமஸ்தான எல்லையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. எப்போது திரும்புவாய் என்று கேட்டவர்களும் இல்லை. போகிற வழியும் வருகிற வழியும் கஷ்டமாகிப்போன பிறகுதான் பலர் ஒரே பக்கத்தில் தங்கினார்களாம். டீச்சர் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அயர்லாந்துக்காரருக்குத் தங்கவயல் எதற்கு? அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

"மதி அண்ணா, ஸ்கூட்டரை எழுதுங்க, வீட்டை எழுதுங்க," என்றாள் சிந்தியா. "ஆனா 'இருக்கணும்னு தோணும்'கறதை மட்டும் எழுதாதீங்க. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்குவாங்க. எனக்குத் தெரியும்."

"நானும் அதான் சொல்றேன்," என்றார் சார்.

"கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார் டீச்சர்.

"உங்களோடது அத்தை."

"அப்ப எழுதட்டும்."

சிந்தியா லேப்டாப்பை மூடினாள். "திரும்பவும் ரிஜெக்ட் ஆச்சுன்னா குளோரியாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். பொய் எழுதி ரிஜெக்ட் ஆனா அவகிட்ட என்னத்தச் சொல்றது?" டீச்சர் கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ சொல்றதும் சரிதான். பயமாத்தான் இருக்கு."

அன்று மாலை மாடிக்குப் போய் வரைவு எழுதினேன். நான் எழுதும் முறை எப்போதும் ஒன்றுதான். ஒரு பத்திக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் இணைப்பு. கெஞ்சும் சொல் ஒன்றுகூட வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன், ஆனாலும் வந்தது. 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை மூன்று இடத்தில் அடிக்கவேண்டியிருந்தது. முதல் பத்தியில், முன்பு அனுப்பிய கடிதம் எங்கள் ஊர் ஆபீஸ்களுக்கு எழுதும் வழக்கத்தில் எழுதப்பட்டது, அதில் விண்ணப்பதாரரின் நிலைமை உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லப்பட்டது என்று எழுதினேன். சார் படித்தால் என்ன சொல்வாரோ என்று இருந்தது. இரண்டாம் பத்தியை வீட்டுக்காகக் காலியாக விட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது சார் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் நோட்டரி முத்திரை போட்ட பத்திரம். தகப்பனார் பெயரிலுள்ள வீட்டில் தனக்கும் தங்கைக்கும் சரிபாதி உரிமை உண்டு, இருவர் பெயருக்கும் காதா மாற்ற மனு கொடுக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. மனுவின் ரசீதையும் பின் குத்தியிருந்தார்.

"ஃபிராங்க்ளினுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சரிப்பான்னான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னான், ஆனா சொல்லிட்டான்," என்றார். பிறகு, "வெளிநாட்டுக்காரன் கேட்டுதான் இதை நான் பண்ணணும்னு இருந்திருக்கு பாரு," என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். வரைவை வாங்கி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார். முதல் பத்தி வந்ததும் தொண்டையைச் செருமினார். "உள்ளதைவிடக் குறைத்து," என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். "ஆகட்டும். இருக்கட்டும்," என்றார்.

இரண்டாம் பத்தியை நிரப்பிப் பிரதி எடுத்துக்கொண்டு கீழே போனேன். சிந்தியா ஆபீஸ் பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும் நின்றாள். அந்தப் பத்தியில் டீச்சரின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருந்தேன்:

'என் மகள் என்னை இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் ஒருமுறை மட்டும் வர விரும்பவில்லை. இனிமேலும் பலமுறை வந்து போக விரும்புகிறேன். சொன்ன தேதியில் திரும்பினால்தான் அது நடக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே திரும்புவேன்.'

பென்சிலை எடுத்து முதல் வரியின் கீழே கோடு போட்டாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். போட்ட கோட்டை அவளே ரப்பரால் அழித்தாள்.

"இந்தப் பாராவை மட்டும் எனக்கு அனுப்புங்க மதி அண்ணா. பேரெல்லாம் எடுத்துட்டு," என்றாள். "திரும்பி வராதவங்க கணக்கு எங்ககிட்ட இருக்கு. திரும்பினாத்தான் மறுபடியும் விடுவாங்கன்னு நெனச்சு ஒழுங்கா வந்தவங்க கணக்கை யாரும் எடுத்ததில்ல. மீட்டிங்ல கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டா மாத்துவாங்களா?"

"மாத்தமாட்டாங்க. எழுதிப்பாங்க." அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எழுதிக்கறதே பெருசு அங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு டீச்சருடன் தபால் ஆபீசுக்குப் போனேன். கடிதம், மறுப்புக் கடிதத்தின் நகல், வீட்டுப் பத்திரம், குளோரியாவின் டாக்டர் கொடுத்த சான்று, எல்.எல்.ஆர். நகல். இணைப்புகளை வரிசைப்படி அடுக்கி, கவரை ஒட்டாமல் கையில் கொடுத்தேன். கவுன்டருக்குப் பக்கத்தில் இருந்த சாய்வு மேசையில் டீச்சர் கடிதத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஒரு தடவை படித்தார். பள்ளிக்கூட டீச்சர் கட்டுரை திருத்துகிற வேகம். கடைசிப் பத்தியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"எடுத்துடலாம்னா இப்பவும் எடுத்துடலாம் டீச்சர். வேற பக்கமும் டைப் பண்ணிக் கொண்டுவந்திருக்கேன்," என்றேன். உண்மையில் கொண்டுவந்திருந்தேன். அந்தப் பத்தி இல்லாத ஒரு பக்கம் என் பையில் இருந்தது.

"சிந்தியா இதை அடிச்சுட்டாளா?"

"இல்ல. அடியில கோடு போட்டாங்க, அப்புறம் அந்தக் கோட்டையே அழிச்சுட்டாங்க."

"குளோரியாவுக்கு நேத்து போன்ல படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டா. அப்புறம், 'எவ்வளவு நாளைக்குன்னு தெரிஞ்சா நான் அதுக்கேத்த மாதிரி அழுதுக்குவேம்மா'ன்னா." டீச்சர் பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார், பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, அடியில் தேதி எழுதினார். காகிதங்களை மடித்து உள்ளே வைத்துக் கவரை ஒட்டப் போனார். மேசையில் இருந்த கோந்து பாட்டிலில் கோந்து காய்ந்திருந்தது. நான் என் பையிலிருந்த பசையைக் கொடுத்தேன். ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்து அழுத்தினார்.

கவுன்டரில் இருந்த பெண், "ஒளகே ஏனிதே?" என்று கன்னடத்தில் கேட்டார், உள்ளே என்ன இருக்கிறது என்று.

"லெட்டரும்மா. பரீ லெட்டரு," என்றார் டீச்சர், வெறும் கடிதம்தான் என்று.

அந்தப் பெண் எடை போட்டார், சீட்டு ஒட்டினார், முத்திரை குத்தினார். ரசீதை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டு, கவரைத் தலைக்குப் பின்னால் திறந்து கிடந்த சாக்கில் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் டீச்சர் கவுன்டரை விட்டு நகர்ந்தார்.